பஞ்சு மாட்டிய இடம்

சென்னை ரயில் கிளம்ப ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. முத்துச்செல்வி மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வில்லின் மேற்பாதியில் பஞ்சை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் பஞ்சு மாட்டிக்கொண்டது.

புதுப் பஞ்சு பிய்த்து மறுபடி இழுத்தாள். அதே இடத்தில் அதுவும் மாட்டியது.

கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூடப் பஞ்சுக்குத் தெரியும். அதனால் பயிற்சிக்கு முன்னால் தினமும் இப்படிப் பார்த்துக்கொள்வாள். மூன்று வருடத்தில் ஒருநாளும் மாட்டியதில்லை. கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது கோடு தெரிந்தது. தலைமுடி அளவுதான். சக்கரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி ஒரு விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது.

அவளுடையது காம்பவுண்டு வில். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்தது. நடுப்பிடிக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, வளைந்து கொடுக்கும் பட்டைகள். இரண்டும் எந்நேரமும் வளைந்து இறுகியே நிற்கும். நாணைத் தொடாவிட்டாலும் உள்ளே பலம் காத்துக்கொண்டிருக்கும். விரிசல் விட்ட கையோடு அதை இழுத்தால், உடைவது முகத்துக்கு ஒரு சாண் முன்னால் உடையும்.

அவள் இழுக்கவில்லை. வில்லை உறையில் வைத்து மூடினாள். 

சென்னையில் நடப்பது ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வு. ஞாயிறு மதியம் கருவிச் சோதனை, திங்கள் காலை எய்து காட்ட வேண்டும். டிசம்பரில் அவளுக்கு வயது தாண்டிவிடும். இயற்பியல் பட்டம் வாங்கியபின் மூன்று வருடமாக, டியூஷன் எடுத்துக்கொண்டு, கல்யாணப் பேச்சைத் தள்ளிக்கொண்டு, இந்த ஒரு திங்கட்கிழமைக்காகத்தான் அவள் எய்துகொண்டிருந்தாள். இரவல் வாங்கலாம் என்றால், அவளுக்குத் தெரிந்து மாவட்டத்தில் இந்த வகை வில் வைத்திருக்கும் இன்னொரு ஆள் பெரியதாழைக்காரன் ஒருவன்தான். அவன் இடதுகைக்காரன்; அவன் வில் இவள் கைக்கு ஆகாது.

வீடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெரு. முன்பக்கம் அப்பாவின் லேத் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். அப்பா மந்திரமூர்த்தி விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். முத்துச்செல்வி யாரிடமும் எதுவும் சொல்லாமல் அடுப்படியில் நின்றபடி, வில் வாங்கிய சென்னைக் கடையின் சர்வீஸ் எண்ணுக்கு அடித்தாள். போனில் பேசுவதென்றாலே அவளுக்குத் தயக்கம். பாட்டுப் பாடிக் காக்க வைத்துவிட்டு இரண்டு முறை இணைப்பு அறுந்தது. மூன்றாவது முறை அபிலாஷ் என்றொருவர் எடுத்தார். அவள் படம் அனுப்பினாள்.

"பாத்துட்டேன் மேடம். மேல் லிம்ப், அந்த மேல் கை, போயிடுச்சு. வெயில்ல, கார் டிக்கில எதுலயாவது வச்சிருந்தீங்களா?"

"எங்ககிட்ட கார் இல்ல சார்."

"தூத்துக்குடின்னு போட்டிருக்கு. கடலோரமா?"

"உப்புக்காத்து வரும் சார். ஆனா பீரோவுக்குள்ளதான் வச்சிருக்கேன்."

"உப்பு இதை ஒண்ணும் பண்ணாது. திருகாணிதான் துருப்பிடிக்கும். டிரை ஃபயர் ஏதாவது ஆச்சா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பருப்பு கடைந்துகொண்டிருந்த அம்மா செல்லத்தாய் மத்தோடு திரும்பினாள்.

"தீயெல்லாம் ஒண்ணும் புடிக்கல தம்பி. ஆயுத பூசைக்கு சூடம்கூட தட்டுலதான் ஏத்துனோம். வில்லுப் பக்கத்துல கொண்டுபோகவே இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அந்தத் தீ இல்லம்மா. மேடம், கொஞ்சம் சொல்லுங்க அவங்களுக்கு."

"அம்பு வைக்காம நாண இழுத்து விடுறதும்மா," என்றாள் முத்துச்செல்வி. "இழுக்கும்போது சேர்ற பலத்த அம்புதான் தூக்கிட்டுப் போகும். அம்பு இல்லன்னா அவ்வளவு பலமும் திரும்பி வில்லுக்குள்ளயே அடிக்கும்."

பட்டறை வாசலில் அப்பா நின்றிருந்தார். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஒரு தடவ விட்டாலுமா?"

"ஒரு தடவையே போதும்ப்பா."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். லேத் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

அபிலாஷ் விதியைச் சொன்னார். டிரை ஃபயர் ஆகியிருந்தால் உத்தரவாதம் கிடையாது. வில்லைத் தொடவே கூடாது, முழுதாக அனுப்பி எல்லாப் பாகத்தையும் பார்க்க வேண்டும். ஆகவில்லை என்றால் தயாரிப்புக் குறை. அதற்கும் அனுப்பித்தான் ஆகவேண்டும், பதினைந்து நாள் ஆகும்.

"சார், ஞாயித்துக்கிழமை கருவிச் சோதனை."

"புரியுது மேடம்."

"புரியல சார்," என்றாள் அவள். அப்படி ஒருவரிடம் அவள் பேசியதே இல்லை. "டிசம்பர்ல எனக்கு வயசு தாண்டிரும். இது போனா எனக்கு வேற கிடையாது. வேற எதுவும் எனக்குத் தெரியவும் தெரியாது."

 அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஒலி வந்தது.

"கையிருப்புல மேல் லிம்ப் ஒண்ணே ஒண்ணு இருக்கு. முறைப்படி மேலயும் கீழயும் ஜோடியாத்தான் மாத்தணும். நீங்க சொல்ற வார்த்தைய வச்சு இன்னிக்கு பஸ்ல போட்டு விடறேன். டிரை ஃபயர் இல்லல்ல?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"பிரஸ் இருக்கா உங்ககிட்ட? ரெண்டு கையையும் உள்பக்கமா அழுத்திப் புடிச்சு நாணைத் தளர்த்துற சட்டம். அது இல்லாம லிம்ப்பைக் கழட்ட முடியாது."

இல்லை. பயிற்சியாளரிடமும் இல்லை. தங்களுக்குத் தெரிந்து பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூரில், அதுவும் பழுது என்றார் அபிலாஷ். முத்துச்செல்வி அடுப்படிச் சுவரில் சாய்ந்தாள்.

"அந்தச் சட்டத்தோட படம் அனுப்பச் சொல்லு." அப்பா மறுபடி வாசலில் நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துச் சொன்னார். "நான் செஞ்சுருதேன்."

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பார்சல் வந்திறங்கியது. அப்பா அதற்குள் இரும்புச் சட்டத்தை அறுத்து முடித்திருந்தார். படத்தில் இருந்ததைவிடக் கனமாகச் செய்தார். நீளத் திருகாணி ஒன்றைக் கடைந்து, இரண்டு முனையிலும் ரப்பர் வைத்த கொக்கி பொருத்தினார். திருகாணியைச் சுற்றினால் கொக்கிகள் நெருங்கி வரும். சாப்பிட வரவில்லை. செல்லத்தாய் கொண்டுபோய் வைத்த சோறு மூடியபடி இருந்தது.

மதியம் இனிகோ வந்தார். அவருடைய படகு ஷாஃப்ட்டுக்காகக் கரையில் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, போட்டு மூணு நாளா கரையிலயே கெடக்கு. நீங்க இங்கன வில்லுக்குக் கட்டில் செய்யுதிய. இனிமே வலையத் தூக்கிப் போட்டுட்டு சீலாவ அம்பு விட்டுத்தான் புடிக்கணுமோ?"

வேறு நாளாக இருந்தால் அப்பா விடமாட்டார். உன் கண்ணுக்குச் சீலா எது செருப்பு எது என்று தெரியுமா என்று ஆரம்பித்து அரைமணி நேரம் ஓட்டுவார். அன்றைக்கு நிமிரவே இல்லை.

"நாளைக்கு வா இனிகோ."

இனிகோ முத்துச்செல்வியைப் பார்த்துக் கையை விரித்தார். "என்னளா ஆச்சு ஒங்க அப்பாவுக்கு?"

"தெரியலண்ணே," என்றாள். அவளுக்கும் அது விளங்கவில்லை. இவ்வளவு அவருக்குப் பொருட்டு என்று அவள் நினைத்திருக்கவில்லை. பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு வில்லு என்று கேட்ட சொந்தக்காரர்கள் முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருந்தவர்தான். எதிர்த்தும் பேசவில்லை, ஆமோதித்தும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை பிரஸ் தயாராகி நின்றது. பழுப்பு இரும்பு, ஆணி அடித்த பலகை மேல். அப்பா கொல்லைக் குழாயடிக்குக் கை கழுவப் போனார். முத்துச்செல்வி துண்டு எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் அவர் பனியனோடுதான் வேலை செய்வார். சில நாளாக முழுக்கைச் சட்டை. மழை நேரம், குளிர் என்று நினைத்திருந்தாள். கிரீஸ் போக அவர் கையை முழங்கைவரை மடித்தார். இடது கையின் உட்பக்கத்தில், மணிக்கட்டுக்கு மேலே, நீளமாக ஒரு தடம். நடுவில் ஊதா, ஓரத்தில் மஞ்சள்.

அது வெல்டிங் சூடு இல்லை. மோதிய காயமும் இல்லை. வில் பழகத் தொடங்கிய முதல் மாதம் அவள் கையிலும் அதே இடத்தில், அதே நீளத்தில் இருந்தது. நாண் அடித்த தடம்.

அடுப்படி சன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது. யாரிடமும் இல்லாமல், தன்பாட்டுக்கு, பூசையையும் அப்பாவையும் பற்றி.

"பூசையில என்ன கொற வச்சோம். இவ்வொ மறுநா வெள்ளன எந்திச்சு ஒண்ணு விடாம ஒரு தடவ ஓட்டித்தான் எடுத்தாவ. லேத்து, கிரைண்டரு, மொபெட்டு, என் தையல் மிஷினு. ஒண்ணு விடல. அப்படியும் புள்ளைக்கு இப்படி வந்துட்டே."

ஒண்ணு விடல.

பூசையில் வைத்த கருவியை விஜயதசமியன்று ஒருமுறை இயக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சும்மா தூக்கினால் அந்த வருடம் முழுக்க அது சரியாக ஓடாது. இது அவருடைய வழக்கம். அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது. இந்த வருடம் அன்றைக்கு அவள் வீட்டில் இல்லை. நாசரேத்தில் தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, லேத்தின் உளிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த இரண்டு நாளும் மழை. அவள் உறையைப் பிரிக்கவில்லை.

அம்பு வைத்து வீட்டுக்குள் விட முடியாது. யார் மேலாவது பட்டுவிடும். அந்த அளவுக்கு அப்பா யோசித்திருப்பார்.

அவள் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்லிவிட்டால் அவள் அபிலாஷிடம் சொல்ல வேண்டும். ரயில் அன்று இரவு. பெட்டி கட்டி வாசலில் இருந்தது.

அப்பா சட்டைக் கையை இறக்கிவிட்டுத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் துண்டை நீட்டினாள்.

"நேரமாவுதுப்பா," என்றாள்.

வீடியோவில் அபிலாஷ் பிரஸ்ஸைப் பார்த்துவிட்டு, "சார், எங்க கடையில இருக்கறதைவிட நல்லா இருக்கு," என்றார்.  அப்பா திருகாணியைச் சுற்ற, கொக்கிகள் நெருங்கி, நாண் தொய்ந்தது. முத்துச்செல்வி விரிசல் விட்ட கையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினாள். அபிலாஷ் சொன்ன வரிசையில் திருகினாள். அப்பா பிரஸ்ஸைத் தளர்த்தியதும் நாண் மறுபடி இறுகியது. சக்கரம் நேராக இருப்பது போலத்தான் தெரிந்தது. கீழ்க் கையில் பஞ்சை இழுத்தாள். மாட்டவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். வழவழவென்று போனது. 

"மாட்டல சார்."

"நல்லது. ஆனா கேளுங்க மேடம்." போனுக்குள் அபிலாஷ் முன்னால் குனிந்தார். "கீழ் லிம்ப் பழசு. டிரை ஃபயர் ஆன வில்லா இருந்தா பஞ்சுக்குக்கூடத் தெரியாது. உள்ளுக்குள்ள ஒட்டு விட்டிருக்கும். முழுசா இழுக்கும்போதுதான் போகும். அந்த நேரம் உங்க கண்ணு நாணுக்குப் பக்கத்துல இருக்கும். அதனால கடைசியா ஒரு தடவை கேக்கறேன். ஆச்சா, இல்லையா?"

 வெளியே ஒரு மீன் வண்டி ஐஸ் தண்ணீர் ஒழுகப் போனது.

"இல்ல சார்," என்றாள்.

இந்த முறை சத்தியமாக என்று சொல்லவில்லை.

"அப்ப சரி. மெதுவா இழுங்க. அம்போட."

எதிர்ச்சுவரில் கந்தல் அடைத்த சாக்கு தொங்கியது. அவள் அம்பை நாணில் பொருத்தினாள். அது மாட்டிய சின்ன ஒலி கேட்டது. மணிக்கட்டில் கட்டிய இழுகொக்கியை நாணில் போட்டு வில்லைத் தூக்கினாள். இடது கை நேராக நின்றது. அது பழகிய கை. நாண் கால்வாசி வந்தது. பாதி வந்தது. சக்கரம் உருளத் தொடங்கியபோது கீழே எங்கோ 'டிக்' என்று ஒன்று கேட்டது. திருகாணி இறுகும் ஒலியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இழுத்தாள்.

"ஏளா, விட்டுராத. அப்படியே மெல்லத் தளத்து."

அப்பாவின் கை அவளுடைய முழங்கையைத் தாங்கியிருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கிரீஸும் சோப்பும் கலந்த வாசனை. அவள் அசையவில்லை. சாக்கின் நடுவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா, ரயிலு," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பாதிதான் வெளியே வந்தது.

"தெரியும் தாயி. தளத்து."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. நான் ஒண்ணும் கேக்கல. ஒங்ககிட்ட நான் கேக்கவே இல்ல."

அவர் கை எடுக்கவில்லை. அவளுடைய எடையையும் வில்லின் எடையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு, இம்மி இம்மியாக அவளோடு முன்னால் வந்தார். நாண் தன் இடத்துக்குத் திரும்பியது. அம்பைக் கழற்றி எடுத்து மேசையில் வைத்தார். அப்புறம் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, பலகையில் சாய்த்து வைத்திருந்த போனுக்கு முன்னால் போய், வாத்தியார் முன் நிற்பதைப்போல நின்றார்.

"தம்பி," என்றார். "விசயதசமியன்னைக்கு இந்த வில்ல நான் ஒரு தடவ இழுத்து விட்டேன். அம்பு வைக்கல."