நான்கு மூட்டை நிழல்

மனைவியின் கடற்கரைக் குடை மூன்றாவது முறையாகக் கம்பி நீட்டிய அன்று லோடுமேன் கிடங்கு வாசலில் லாரியின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய தம்பி கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தான்.

"மாமா, குடை போயிருச்சு."

"எங்க?"

"கடலுக்குத்தான். வேற எங்க போகும், சினிமாவுக்கா?"

குடை மட்டும் போயிருந்தால் ஒன்றுமில்லை. போகிற போக்கில் ஒரு பெரிய மனிதரின் தொப்பியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தொப்பிக்காரர் நேராகக் கடற்கரை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே நோட்டீஸ் வந்தது. லோடுமேன் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவர், ஆகையால் எதையும் அவசரப்பட்டுப் படிக்கமாட்டார். ஒரு பக்க நோட்டீஸை இரண்டு டீ குடிக்கும் நேரம் படித்தார். விஷயம் இதுதான். ஐந்தாம் எண் இடத்தில் இனிமேல் குடை கூடாது. வேறு நிழல் அமைப்பு வைக்கலாம். அது காற்றில் நிற்க வேண்டும். சிமெண்ட் போடக் கூடாது. மாலையில் பதினைந்து நிமிடத்துக்குள் மணலில் ஒன்றும் மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும். இருபதாம் தேதி பரிசோதகர் வருவார். அவர் சரி என்றால் இடம் இருக்கும். இல்லையென்றால் வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும்.

அந்த ஐந்தாம் எண்ணில் பதினோரு வருடமாக அவர் மனைவி நீச்சல் ட்யூப் வாடகைக்கு விடுகிறாள். குடையில்லாமல் இரண்டு நாள் உட்கார்ந்ததில் அவள் முகத்திலும் கழுத்திலும் பழைய தடிப்பு திரும்பி வந்துவிட்டது. தோல் டாக்டர் போன வருடமே சொல்லியிருந்தார், "நிழல்ல உட்காருங்க. இல்லன்னா உட்காராதீங்க." அவரும் நோட்டீஸ் போலத்தான் பேசுவார்.

"ஏங்க, உங்களால முடியுமா முடியாதா? இப்பவே சொல்லிருங்க. நான் வேற வேலை பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

"முடியும்" என்றார் லோடுமேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை.

மைத்துனனுக்கு வீட்டில் பெயர் 'இன்ஜினியர்'. ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டு வருடம் வாசல் காவல் பார்த்திருக்கிறான். அந்தத் தகுதியில் அவன் இரும்புக் குழாயில் நான்கு கால் போட்டுச் சட்டம் அடித்துக் கொண்டுவந்தான். லோடுமேன் அதன் மேல் லாரித் தார்ப்பாயை விரித்துக் கட்டினார். சரக்கு ஏற்றிய லாரிக்குக் கட்டுவது போல, ஒரு சுருக்கம் இல்லாமல், தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும்படி கட்டினார். அவருக்குத் தெரிந்த கட்டு அதுதான்.

மதியம் காற்று வந்தது. சட்டம் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு அடி நடந்து போய் நின்றது.

"நடந்துச்சு பாத்தீங்களா மாமா? சாயல. டிசைன் கரெக்ட்டு."

"ஆமா மாப்ள. இன்னும் ரெண்டு நாள் பழக்குனா கடைக்குப் போயிட்டு வரும்."

மனைவி சிரிக்கவில்லை. தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ட்யூப்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை லோடுமேன் மணலில் உட்கார்ந்து யோசித்தார். இறுக்கிக் கட்டியதுதான் தப்பு. லாரி ஏழு டன் கனம், தார்ப்பாய் அதைத் தூக்காது. இங்கே கீழே வெறும் குழாய். காற்றைத் தடுத்து நிறுத்தினால் அது வம்புக்கு வரும், வழி விட்டால் போய்விடும். கட்டடங்களுக்கு மறைப்பாகக் கட்டுகிற பச்சை வலை ஒன்றை வாங்கி இரண்டாக மடித்தார். வெயிலில் பாதிக்கு மேல் தடைபடும், காற்று புகுந்து வெளியேறும். கடல் பக்கம் தாழ்வாகவும் பின்பக்கம் உயரமாகவும் நான்கு கம்பு. ஒவ்வொரு கம்பிலிருந்தும் வெளிப்பக்கமாக ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் அறுபது கிலோ மணல் மூட்டை, மூன்றடி ஆழத்தில் புதைத்தது.

அது நின்றது. மதியக் காற்றுக்கு வலை லேசாக மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். மனைவி அதன் அடியில் உட்கார்ந்து, அந்த வாரத்தில் முதல் தடவையாகத் துண்டைத் தலையிலிருந்து எடுத்தாள்.

மாலையில் எடுக்கப் போனார்கள். ஈர மணலுக்குள் மூட்டை வேர் விட்டது போல் உட்கார்ந்திருந்தது. தோண்டத் தோண்டச் சுற்றியிருந்த மணல் சரிந்து குழியை மூடியது. நான்காவது மூட்டை வெளியே வந்தபோது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இன்ஜினியர் மல்லாந்து படுத்துவிட்டான்.

"மாமா, காத்துக்கு நிக்கணும்ங்கறானுங்க. பதினஞ்சு நிமிஷத்துல வரணும்ங்கறானுங்க. ஒண்ணு நிக்கச் சொல்லு, இல்ல வரச் சொல்லு. ரெண்டும் எப்படி?"

பதினெட்டாம் தேதி ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் கிடங்கில் மூட்டை பிரித்துக் கொட்டுகிற வேலை. மிஷினில் வாய் தைத்த மூட்டைக்கு ஒரு குணம் உண்டு. நூலின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் இறுகும். மறு நுனியை இழுத்தால் சரசரவென்று மொத்தத் தையலும் ஒரே இழுப்பில் கழன்று வந்துவிடும். இருபத்தாறு வருடமாக லோடுமேன் அந்த நுனியை இழுத்து வாழ்கிறவர். அன்று முப்பதாவது மூட்டையில் நூல் கையோடு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாச்சு அண்ணே, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"இல்ல. பதில் வந்துருச்சு."

மாலை, கிடங்கு மிஷினில் வாய் தைத்துக் கொண்டுவந்த மணல் மூட்டைகளைத் தலைகீழாகப் புதைத்தார்கள். தைத்த வாய் கீழே. கயிறு கட்டிய அடிப்பக்கம் மேலே. நூல் மணலில் சிக்காமலிருக்க, அதை ஒரு ரப்பர் ஹோஸ் துண்டுக்குள் விட்டு, நுனி மட்டும் மணலுக்கு மேல் எட்டிப் பார்க்கும்படி வைத்தார் லோடுமேன். தையல் இருக்கும்வரை அறுபது கிலோ. நூலை உருவினால் வாய் திறந்துகொள்ளும், அப்புறம் கயிற்றை இழுத்தால் மணல் அங்கேயே தங்கிவிடும், வெறும் சாக்கு சட்டையைக் கழற்றுவது போல் மேலே வரும். நான்கு மூட்டைக்கும் சேர்த்து ஆறு நிமிடம்.

"டிசைன் நம்மளுதுதான்" என்றான் இன்ஜினியர்.

இருபதாம் தேதி பரிசோதகர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. வந்ததும் தன் நோட்டுப் புத்தகத்தின் முதுகில் பிரிந்து தொங்கிய ஒரு நூலைக் கண்டு, இழுத்து அறுத்துக் கீழே போட்டார். பிறகு லோடுமேனின் சட்டைப் பித்தானிலும் ஒரு நூல் தொங்குவதைப் பார்த்தார். அதையும் அறுத்தார். லோடுமேன் நன்றி சொன்னார். அந்தப் பித்தான் பத்து நிமிடம் கழித்து விழுந்தது.

"காத்து வர்ற வரைக்கும் உட்காரலாமா?" என்று கேட்டு, பரிசோதகர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காற்று அளக்கும் சிறிய கருவியை முழங்காலில் வைத்துக்கொண்டார். பதினொன்றரைக்குக் காற்று வந்தது. கருவி சுழன்றது. மணல் பறந்தது. வலை மூச்சு வாங்கியது. சற்று நேரத்தில் ஒரு நீலக் குடை அவர்கள் முன்னால் உருண்டு கடலைப் பார்க்கப் போனது.

"அது நாலாம் நம்பர் குடைதானே?"

"ஆமா சார்."

அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. மனைவி லோடுமேனைப் பார்த்தாள். அவள் முகத்தில் பாதிச் சிரிப்பு வந்திருந்தது. ஈர ட்யூப் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க ஆள் வந்ததால் லோடுமேன் எழுந்து பத்தடி தள்ளிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்தபோது, பரிசோதகரின் கண் தன் காலடியில் மணலுக்கு மேல் எட்டிப் பார்த்த ஹோஸ் மேல் விழுந்திருந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சா—" என்றார் லோடுமேன்.

'ர்' வருவதற்குள் சரசரவென்று சத்தம் வந்துவிட்டது. அது சரியான நுனிதான். தப்பான நுனியை வெளியே விடுகிற ஆள் இல்லை லோடுமேன்.

கடல் பக்கத்து மூட்டை காலிச் சாக்காக எகிறி வந்தது. ஒரு கம்பு சாய்ந்தது. காற்று வலையைத் தூக்கிப் பார்த்தது, மற்ற மூன்று மூட்டையும் விடவில்லை. ஆகையால் வலை நிதானமாகப் பரிசோதகரின் மேல் இறங்கியது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. பச்சை வலைக்குள் ஒரு மனிதர் நேராக உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. லோடுமேன் ஈர ட்யூபைக் கையில் பிடித்தபடி நின்றார். பதினோரு வருட இடம் மணலில் கிடந்தது.

முதலில் வாய் திறந்தது மனைவிதான்.

"ஏங்க, என்ன வேடிக்கை? மிச்ச மூணையும் இழுங்க. டேய், கம்பப் பிடிடா. சார், மணி பாத்துக்குங்க, பதினஞ்சு நிமிஷப் பரீட்சைக்கு எடுக்கறோம்."

இழுத்தார்கள். மூன்று சாக்கும் வந்தன. கம்பைக் கட்டினார்கள். வலையைச் சுருட்டிக்கொண்டே போனதில் கடைசியில் பரிசோதகர் வெளியே வந்தார். தலைமுடி மட்டும் கலைந்திருந்தது. மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலரை நிமிஷம்" என்றார்.

அவர் வெயிலில் நின்றபடி எழுதினார். எழுதியதை லோடுமேன் வாங்கிப் படித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

'காற்றில் நின்றது. அகற்ற நாலரை நிமிடம். முன்பயிற்சி இல்லாதவரும் அகற்றலாம். அனுமதிக்கலாம். நிபந்தனை: நூல் நுனிகளைப் பொதுமக்கள் தொடாதபடி மூடி வைக்க வேண்டும்.'

"பொதுமக்களா சார்?" என்று கேட்டாள் மனைவி.

"பொதுவா எழுதறதுதான்மா."

"சரிங்க சார்" என்று துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "ஏங்க, திரும்ப மாட்டுங்க. வெயில் ஏறுது."

பரிசோதகர் கிளம்பினார். வலையின் ஓரத்திலிருந்து பிரிந்த பச்சை இழை ஒன்று அவருடைய சட்டைக் கையில் ஒட்டித் தொங்கியது. நான்கடி போனதும் அவரே அதைப் பார்த்துவிட்டார். மறு கை அதனிடம் போனது. பாதியில் நின்றது. ஐந்தாம் எண்ணைத் திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டு, இழையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.