கண்ணசந்த கடைக்குட்டி

ஜான்சி எழுதிய பாட்டு ஒன்றே ஒன்று. அதை அவளைவிட நன்றாக வேறு நான்கு பேர் பாடிவிட்டார்கள். ஊர் அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பார்க்கிற இடத்திலெல்லாம் அதை அவளிடமே சொல்லி, அவள் சிரித்துத் தலையாட்டும்வரை நகராமல் நின்றது.

அவள் தம்பி ஆரோக்கியராஜ் 2005இல் செத்துப்போனான். கடலூருக்குத் தெற்கே, பெயர் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லாத ஒரு கெமிக்கல் கம்பெனியில் தொட்டி கழுவ இறங்கியிருந்தான். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மேலே மூடியைப் போட்டுவிட்டார்கள். ஜான்சிக்கும் அங்கேதான் வேலை, பேக்கிங் ஷெட்டில். அன்று காலை தொட்டிப் பக்கமிருந்து இரும்பில் அடிக்கிற சத்தம் வந்தது. இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. கால் மணி நேரம் கேட்டது. பைப் வேலைக்காரர்கள் தினமும் எதையாவது தட்டிக்கொண்டிருக்கிற இடம் அது. “இவனுங்க தொல்ல தாங்கல” என்று சொல்லிவிட்டு ஜான்சி மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றபோது, அப்பாடா என்றுகூட இருந்தது அவளுக்கு. மூடியைத் திறந்து தம்பியை வெளியே எடுத்தபோதுதான் தட்டியது யார் என்று புரிந்தது.

உள்ளே இறங்கியதுமே மயங்கிவிட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று கம்பெனி சொன்னது. அதையே ஜான்சி தன் அம்மா சவரியம்மாளிடம் சொன்னாள். “தூங்குற மாரிதாம்மா இருந்துச்சு.” அடுத்த மாதமே கம்பெனி அவள் வேலையை நிரந்தரமாக்கியது. அந்தத் தொட்டி தெரிகிற ஜன்னலோரம்தான் அவள் இடம். அம்மாவின் மாத்திரைக்கும் வீட்டு வாடகைக்கும் வேறு வழி இல்லாததால் அவளால் விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்குத்தான் பாட்டை எழுதினாள். கண்ணசந்த கடைக்குட்டி, காலை வந்தால் எழுந்திரு என்று தாலாட்டு மெட்டில் போகும். கோயில் பாடகர் குழு அதை சி.டி.யில் சேர்த்தது. கேட்ட பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். சவரியம்மாள் மட்டும் அழாமல், “நல்லா இருக்குடி, பாடு” என்றாள். அன்றிலிருந்து வருடா வருடம் தம்பியின் தலைமாட்டில் நின்று அந்தப் பொய்யை ராகத்தோடு பாடினாள் ஜான்சி.

2009இல் சிதம்பரத்திலிருந்து அரவிந்தன் என்ற என்ஜினியரிங் மாணவன் தேடி வந்தான். தோள்வரை முடி, பேச்சு மட்டும் பரம சாது. “அக்கா, உங்க பாட்ட எங்க ஸ்டைல்ல பண்ணலாமா? ஹெவி மெட்டல்.”

அது என்ன பலகாரம் என்று அவளுக்குத் தெரியாது. “பண்ணுங்க தம்பி” என்றாள்.

கல்லூரி விழாவுக்குக் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். கிட்டார் உறுமியது. அரவிந்தன் அடித்தொண்டையிலிருந்து, கழுத்து நரம்பு புடைக்க, ‘எழுந்திரு’ என்று கத்தினான். பின்னால் டிரம்ஸ்காரன் அடிக்க ஆரம்பித்தான். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக.

அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. கைக்கு வந்ததை அடித்தான், அவ்வளவுதான். ஆனால் ஜான்சி எழுந்து ஓட நினைத்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் நின்றபடி குதித்துக்கொண்டிருந்தார்கள், வழியில்லை. தான் பாடி மறைத்த நிஜத்தைத்தான் இவர்கள் பாடுகிறார்கள் என்று அங்கேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“கெடுத்துட்டோமாக்கா?” என்று இறங்கி வந்து கேட்டான் அரவிந்தன்.

“இல்ல தம்பி. என்னோடத விட நல்லா இருக்குது.” மனதாரத்தான் சொன்னாள்.

பாட்டு மெமரி கார்டு மெமரி கார்டாகப் பரவியது. திருப்பாதிரிப்புலியூர் ஷேர் ஆட்டோவில் அது, செல்போன் கடையில் அது, ஷெட்டில் பக்கத்து மிஷின்காரிக்கு ரிங்டோனும் அதுதான். ஜான்சி அம்மாவை எங்கே கூட்டிப்போனாலும், பாட்டுப் போடாத வண்டியாகப் பார்த்து ஏறினாள். அந்த டிரம்ஸ் அடியைக் கேட்டால் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. மூன்று வருடம் இப்படியே ஓட்டினாள்.

2012 கல்லறைத் திருநாளன்று அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சவுண்ட் சர்வீஸ் தங்கராசுவிடம் போய், “மாமா, இந்த வருஷம் சி.டி.யில என் பாட்ட மட்டும் போட்டுடுங்க” என்றாள். தங்கராசு நல்ல மனிதர். ஜான்சி பாட்டு என்றால் ஊரே எதைச் சொல்கிறதோ அதைத்தான் அவரும் நினைத்தார்.

மாலை ஐந்து மணிக்குக் கல்லறைகள் மேலெல்லாம் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் கிட்டார் உறுமியது. ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜான்சி பாய்ந்து எழுந்தாள். சவரியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரு. ஓடட்டும்.”

இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. கடைசிவரை அம்மா பிடியை விடவில்லை.

பாட்டு முடிந்ததும், “இதுதான் சரியான பாட்டு” என்றாள் சவரியம்மாள். “நீ பாடுறது எனக்கு ஒட்டவே இல்லடி.”

“ஏம்மா?”

“பொட்டியில வெக்கிறப்ப அவன் கையில செபமாலை சுத்துனது யாரு? நான்தானே. விரல் முட்டியெல்லாம் பிஞ்சு எலும்பு தெரிஞ்சுது. தூங்குனவனுக்கு எப்படிடி கை அப்படி ஆவும்? நீதான் பாவம், தூங்குனான்னு நம்பிட்டுப் பாடிட்டிருந்த. அதை ஏன் கெடுக்கணும்னு நானும் வாய மூடிட்டுக் கெடந்தேன்.”

ஏழு வருடம்.

“எம் புள்ள எவ்ளோ தட்டியிருப்பான்” என்றாள் அம்மா. “இரும்புத் தொட்டி. மூடி வேற. வெளிய யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டிருந்தா ஒருத்தராவது ஓடியாந்திருக்க மாட்டாங்களா? அத நெனச்சுத்தான் நான் மனசத் தேத்திக்கிறது.”

இத்தோடு விட்டுவிடலாம். இருமுவதுபோல் பாவனை செய்து சும்மா இருந்துவிடலாம். இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் அம்மாவும் மகளும் இப்படியே வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகலாம்.

“கேட்டுச்சும்மா” என்றாள் ஜான்சி, கட்டிய தொண்டையில். “எனக்குக் கேட்டுச்சு.”

சவரியம்மாள் மகளின் கையை விட்டாள்.