இரண்டு ராஹிலா, ஒரு விண்ணப்பம்

அறிவிப்புப் பலகையில் ஒன்பது பெயர்கள்தான் இருந்தன. விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை எண்ணினேன். ஒன்பதுதான். அடியில் தடித்த எழுத்தில், "எம்.ஏ. மொழிபெயர்ப்பியல்: பத்துப் பேர் சேராததால் இவ்வாண்டு நடத்தப்படாது" என்று போட்டிருந்தது.

என்னோடு சேர்த்துப் பத்துப் பேரையும் திரட்டியதே நான்தான். உடன்குடி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று பேருந்தில் அலைந்து, ஒவ்வொரு வீட்டிலும் "இதைப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்ச் சேர்த்த பத்து.

ஆறு வருடத்துக்கு முன்னால் உடன்குடியில் ஓர் உரக்கடை மாடியில், இரண்டு அறையில் தொடங்கிய பல்கலைக்கழக மையம் இது. இப்போது தேரியில், அந்தச் செம்மணல் மேட்டைச் சமப்படுத்தி, ஏ பிளாக்கிலிருந்து எஃப் பிளாக் வரை எழும்பி நிற்கிறது. ஆடிக் காற்று வீசினால் வெள்ளைச் சுவர்கள் இடுப்பளவுக்குச் சிவந்துவிடும். அப்பாவின் கருப்பட்டிக் கடையில் உட்கார்ந்து பனி கொட்டும் ஊர்களின் நாவல்களைத் தமிழில் படித்த நாளெல்லாம், அட்டையைத் திருப்பியதும் நான் முதலில் தேடுவது மொழிபெயர்த்தவர் பெயரைத்தான். எப்போதும் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வேலையைச் சொல்லித்தரும் படிப்பு எங்கள் ஊர் மணலிலேயே வரப்போகிறது என்றதும், தூத்துக்குடியில் கிடைத்திருந்த பி.எட். இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை எழுதிக் கொடுத்தேன். இன்று வெள்ளி.

பட்டியலை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. ராஹிலா என்று ஒரே ஒரு பெயர் இருந்தது. இரண்டு இருக்க வேண்டும்.

காயல்பட்டினத்துக்குப் போன் போட்டேன். ஜும்ஆ தொழுகை முடிந்து வாப்பாமார் வீடு திரும்பி, சாப்பாடு முடிந்து, இரண்டு ராஹிலாக்களும் ஆட்டோவில் வந்து இறங்க மூன்று மணி ஆகிவிட்டது.

"என்னளா, ரெண்டு பேர்ல ஒருத்தியத் தின்னுட்டானுவளா?" என்றாள் பெரிய ராஹிலா. சின்னவள் சிரிக்கவில்லை.

சேர்க்கைப் பிரிவில் கண்காணிப்பாளர் ஜேசுபாதம் இருந்தார். பெரியதாழைக்காரர். எங்களைப் பார்த்ததும் கணினியைத் திறந்தார்.

"ராஹிலா ஒண்ணுதானம்மா. ரெண்டு தடவை போட்டிருந்தா. ஒண்ண நாந்தான் எடுத்து விட்டேன்."

"ரெண்டு தடவை போடல சார். ரெண்டு ஆளு" என்றேன்.

"நான் ராஹிலா" என்றாள் பெரியவள்.

"நானும் ராஹிலா" என்றாள் சின்னவள்.

ஜேசுபாதம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இங்க பாரு. பேரு ஒண்ணு. இனிஷியல் ஒண்ணு, என்.டி. தெரு ஒண்ணு, கதவு நம்பர் ஒண்ணு, போன் நம்பர் ஒண்ணு. பிறந்த தேதி ஒருத்திக்குப் பதினொண்ணு மூணு, இன்னொருத்திக்கு மூணு பதினொண்ணு. மாசத்தையும் தேதியையும் மாத்தித் தட்டிட்டு, திருத்தி இன்னொண்ணு போட்டிருக்குன்னு நெனச்சேன். நீ இருந்தா என்ன நெனப்ப?"

சின்ன ராஹிலா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "சார், எங்க உம்மாமார் அக்கா தங்கச்சி. வாப்பாமார் அண்ணன் தம்பி. எங்க ஊர்ல பொண்ணு வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வருவாங்க. அதனால ரெண்டு குடும்பமும் ஒரே வீடு. வாப்பாவோட உம்மா பேரை ரெண்டு பேருக்கும் வச்சிட்டாங்க. லாத்தா, அதான் அக்கா, மார்ச். நான் நவம்பர். குடும்ப இனிஷியல் என்.டி.எம். அதுக்கப்புறம் லாத்தாவுக்கு அஃப்ஸல் வாப்பாவோட ஏ. எனக்கு ஹாமிது வாப்பாவோட எச். அந்தக் கடைசி எழுத்துதான் வித்தியாசம். உங்க ஃபார்ம்ல ரெண்டு எழுத்துக்கு மேல போகல."

"எழுத்து போகலன்னா போன்ல கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேன். ரெண்டு எழுத்து போதும்னாங்க."

"யாரு சொன்னா?"

"உங்க குரல் மாதிரிதான் இருந்திச்சி."

ஜேசுபாதம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. எங்களுக்கு நாற்காலி காட்டினார். பிறகு, பட்டியலில் விடுபட்டிருந்த சின்னவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அலுவலகத் தப்புன்னு எழுதுனா மெயின் கேம்பஸ்ல கமிட்டி கூடணும். ரெண்டு மாசம். விண்ணப்பிச்சவ தப்புன்னா அது திருத்தம். இங்க நம்ம டைரக்டர் ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே உள்ள ஏத்திருவேன். அஞ்சு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல சேர்க்கை திறந்திருக்கும். என் கவனக்குறைவால் பெயர் தவறாகப் பதிவாகிவிட்டதுன்னு எழுதித் தா."

"எனக்கு என்ன கவனக்குறைவு? பொறந்ததா?" என்றாள் சின்ன ராஹிலா.

"சும்மா ஒரு வரிதான்" என்று நான் அவள் கையைப் பிடித்தேன். "பத்துப் பேர் படிப்பு இது."

"பொய்ல்லா அது."

"எனக்காக எழுது. பி.எட்.டையும் விட்டுட்டு வந்திருக்கேன்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். அழகான கையெழுத்து. கவனக்குறைவு என்ற சொல்லில் மட்டும் பேனாவை அழுத்தியிருந்தாள்.

டைரக்டர் அறையில் இல்லை. எஃப் பிளாக்குக்குப் பின்னால் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா என்றார்கள். மணலில் செருப்பு புதையப் புதைய ஓடினோம். ஷாமியானா, மைக் செட், ரோஜா மாலை போட்ட கல். நாதஸ்வரக்காரர் வாசித்து முடித்து வடையைக் கடித்துக்கொண்டிருந்தார். கல்லில் பொன்னெழுத்தில், 'ஜி பிளாக் – மொழிகள் புலம்' என்றும், கீழே துறைகளின் பெயர்களும் வெட்டியிருந்தன. கடைசித் துறை மொழிபெயர்ப்பியல். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

"ஸ்டூடண்ட்ஸா? வாங்க, வாங்க, போட்டோல நில்லுங்க" என்றார் ஒருவர். நின்றோம். மூன்று தடவை எடுத்தார்கள்.

டைரக்டரிடம் கடிதத்தை நீட்டினேன். நாலரை ஆகியிருந்தது. சிரித்த முகத்தோடு படித்தார்.

"பத்தாவது ஆளா? வெரி குட். இந்த மாதிரி ஆர்வம்தான் வேணும். பில்டிங் மூணு மாடி, தெரியுமா? கருத்தரங்கக் கூடம், ஏசி எல்லாம் வருது."

"சார், இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா இந்த வருஷமே கோர்ஸ் ஆரம்பிச்சிரலாம். அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

"போட்டுட்டாப் போச்சு." பேனாவை எடுத்தார். ஒரு நிமிடம் யோசித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டுத் தந்தார். நன்றி சொல்லிவிட்டு, படிக்காமலே ஓடினேன்.

நாலு ஐம்பதுக்கு ஜேசுபாதம் அந்த இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார். "மேல் நடவடிக்கைக்காகத் தலைமை வளாகத்துக்கு அனுப்பப்படுகிறது."

"கையெழுத்து இருக்குல்லா சார்?"

"அனுமதிக்கலாம்னு எழுதியிருந்தா நான் ஏத்திருவேன். அனுப்புதேன்னு எழுதியிருக்காரு. அனுப்பத்தான் முடியும். ஆடிட்ல கேள்வி வரும்னு பயந்திருப்பாரு." ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிக் கடிதத்தின் மேல் அடித்து, வரவுப் பதிவேட்டு எண்ணைப் போட்டார். "இந்த வருஷம் இல்லம்மா. அடுத்த வருஷம் பாப்போம். காமர்ஸ்ல ரெண்டு இடம் காலியா கெடக்கு, சேருதியா?"

நான் வேண்டாமென்று தலையாட்டினேன். சின்ன ராஹிலா மேசைக்குக் கிட்டே போனாள்.

"அப்போ அந்தக் கடிதத்தத் தாங்க சார்."

"எதுக்கு?"

"படிப்புதான் இல்லன்னு ஆயிட்டே. நான் தப்புப் பண்ணினேன்னு அதுல இருக்கு. கிழிக்கணும்."

"இன்வர்டு நம்பர் போட்டாச்சும்மா. போட்டதத் திருப்பித் தர முடியாது."

"அங்கன மெயின் கேம்பஸ்ல அந்தக் கடிதத்தப் படிக்கிறவங்க, இவ தப்புப் பண்ணுனதால இத்தன பேருக்குப் படிப்பு போச்சுன்னுதான நெனப்பாங்க?"

ஜேசுபாதம் கடிதத்தைக் கோப்பில் வைத்துக் கயிற்றைக் கட்டினார்.

நான் ஒரு தாளை இழுத்து, அவள் மேல் தவறு இல்லை, நான் வற்புறுத்தித்தான் எழுதினாள் என்று எழுதி நீட்டினேன். அதற்கும் ஸ்டாம்பு அடித்து அடுத்த எண்ணைப் போட்டார். "இது தனி ஃபைலு. அதோட சேராது" என்றார்.

காயல்பட்டினம் பேருந்து வந்ததும் ராஹிலாக்கள் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். சின்னவள் மடியில் இருந்த பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பேருந்து கிளம்பும்வரை அவள் நிமிரவில்லை.