வாளியில் நிற்கும் மாமனார்

செத்துப் பல வருடமான மாமனார் ஒரு நாள் காலை மோட்டார் போட்டதும் தண்ணீரோடு வந்து வாளியில் நின்றார். முதுகில் மருந்து டப்பா, மூக்கைச் சுற்றித் துண்டு, கையில் பீச்சுக்குழல். குனிந்த மருமகளுக்குத் தன் முகம் தெரியவில்லை. அவர் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருப்பதுதான் தெரிந்தது. யாரும் அலறவில்லை. புருஷன் மட்டும் அந்தத் தண்ணீரில் சவரம் செய்வதை விட்டார், அப்பா முறைக்கிறாராம். பால்காரர் எட்டிப் பார்த்து, பெரியவர் கொஞ்சம் இளைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகள்தான் அந்தத் தண்ணீரைக் கண்டு பயந்தாள். அவள் மகள் பிள்ளையுண்டாகி அந்த வீட்டில்தான் இருந்தாள். பெண் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் பீச்சுக்குழலின் முனை அவள் உதட்டைத் தொட்டது. கொதிக்க வைத்தார்கள், தண்ணீர் சுண்டச் சுண்ட மாமனார் இன்னும் பளிச்சென்று தெரிந்தார். மணலில் வடிகட்டினார்கள், அவர் செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு மறுபக்கம் வந்தார்.

எப்படி நேர்ந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் மகா ஜாக்கிரதைக்காரர். பிள்ளைகள் விளையாடும் மண்ணில் விஷம் படக்கூடாதென்று, டப்பா கழுவிய தண்ணீரை வயலோரப் பாழுங்கிணற்றில் கொட்டி வந்தார். மருந்தைச் சிபாரிசு செய்தவர் பைக்கில் வந்த ஓர் இளைஞர். ஒரே பருவத்தில் மண்ணே அதைத் தின்று தீர்த்துவிடும் என்றார். அது பொய்யில்லை. மேல்மண்ணில் வெயில் படும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கடித்துக் கரைக்கும். கிணற்றுக்கு அடியில் இருட்டும் குளிரும்தான். தின்ன ஆள் இல்லை. பிறகு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தண்ணீருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

பைக் இளைஞர் படிப்படியாக உயர்ந்து, இப்போது குடிநீர்ச் சோதனை அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்தார். மருமகள் ஒரு குடத்தோடு போய் நின்றாள்.

"அதத் தடை பண்ணியாச்சேம்மா. புழக்கத்துல இல்லாத மருந்த எதுக்கு டெஸ்ட் பண்ணணும்?"

"தடை பண்ணினது உங்களுக்குத் தெரியும் சார். எங்க மாமனாருக்குத் தெரியலையே, இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்காரு. என் பொண்ணு குடிக்கிற தண்ணி இது. நீங்க ஒரு வாய் குடிங்க, நான் போயிடறேன்."

அவர் குடத்துக்குள் பார்த்தார். கிழவருக்குப் பக்கத்தில் ஒரு பைக். அதில் சாய்ந்து, தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருந்தவர் அவரேதான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். குடிக்கவில்லை.

அவள் தினமும் குடத்தோடு போய் அவர் மேசையில் வைத்தாள். கடைசியில் ஏரியிலிருந்து அந்தத் தெருவுக்கு மட்டும் குழாய் வந்தது. தண்ணீரில் குறையொன்றும் இல்லை, பொதுமக்கள் வசதிக்காகவே குழாய் என்று அறிவித்தார்கள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழாய் வரும்வரை அவள் குடித்தது குழந்தையை என்ன செய்யும் என்று மருமகள் போகிற இடமெல்லாம் கேட்டாள். இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வீட்டு மோட்டாரைக் கழற்றியதால் மாமனார் நின்றுவிடவில்லை. நிலத்துக்கடியில் சரிவைப் பிடித்து, மருந்து அடித்தபடியே நிதானமாக நடந்தார். ஒரு வருடம் தையல்காரர் வீட்டுத் தொட்டியில் தெரிந்தார், பிறகு பள்ளிக்கூடத்தில். தெருத்தெருவாக ஆட்கள் வந்து, உங்க மாமனார் வந்துட்டாரும்மா என்று சொல்லிப் போவார்கள். அதிகாரிகளின் குடியிருப்பு சரிவின் கடைசியில் இருந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அங்கிருந்து போன் வந்தது.

"எங்க வாளியில உங்க மாமனார் நிக்கிறாரும்மா."

"தனியாவா சார் வந்திருக்காரு?"

மறுமுனையில் வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா. நானும் கூட இருக்கேன்."

"அப்ப சரி சார்," என்று அவள் போனை வைத்தாள்.

அன்றிலிருந்து அதிகாரி தாடி வளர்க்கிறார்.