வற்றிக் கிடந்த ஓடை

மழைக்காலத்தில் மலைக்குப் போகிற எங்களுக்கு ஒரே சட்டம்தான். போடிமெட்டுப் பாதையில் ஓடை ரோட்டைக் கடக்கும் வளைவில் முன்னால் போகிற ஜீப்பு நிற்கும். ஒருவர் இறங்கித் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தெளிவாக ஓடினால் போகலாம். செம்மண்ணாய்க் கலங்கி வந்தால் மேலே மலை கரைகிறது என்று அர்த்தம், திரும்பிவிட வேண்டும். சிலமலையிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் எங்கள் கூட்டத்தில் பத்து வருஷமாக அந்தப் பொறுப்பு என்னுடையது. சூர்யகலா கண்ணு பொய்க்காது என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கேறியிருந்தது, வேறென்ன.

அன்றோடு மூன்று நாளாக விடாத மழை. விடியும்போதே செல்போனில் கனமழை எச்சரிக்கை வந்தது. "வாரத்துக்கு நாலு தடவை இப்படித்தான் பயங்காட்டுவாங்க" என்று சிரித்தவள் நான்தான்.

வளைவில் இறங்கிப் பார்த்தேன். ஓடையில் தண்ணீரே இல்லை. வெறும் பாறைகள் ஈரமாகக் கிடந்தன. இத்தனை மழையில் ஓடை எப்படி வற்றும் என்று சின்னப்பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. கலங்கல் இல்லை, அது போதும் எனக்கு.

எங்கள் ஜீப்பு அந்தப் பக்கம் ஏறிவிட்டது. பின்னால் வந்த ஜீப்பு ஓடைக்கு முன்னாலேயே நின்றது. அதிலிருந்து என் தங்கை ரோஜா தலையை நீட்டினாள்.

"அக்கா, இம்புட்டு மழைக்குத் தண்ணி எங்க போச்சு? எனக்கு என்னமோ பயமா இருக்கு."

ஓட்டி வந்த முத்துக்கண்ணன் அண்ணனும் கேட்டார். "திரும்பிருவமா ஆத்தா?"

"தண்ணியே இல்லாததுக்கு என்னண்ணே பயம்? வெரசா வாங்க, சோலி கெடக்கு."

தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டினேன். அதைப் பார்த்துத்தான் அவர் வண்டியை எடுத்தார்.

மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருந்திருக்கிறது. தேங்கி நின்ற தண்ணீர் அப்போதுதான் உடைத்துக்கொண்டது. முதலில் சத்தம். பிறகு சேறும் மரமும் பாறையும். நான் துண்டைக்கூட இறக்கவில்லை. அதற்குள் ரோடும் இல்லை, ஜீப்பும் இல்லை.

அதிலிருந்த எட்டுப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ரோஜாவை மறுநாள் சாயங்காலம் எடுத்தார்கள். அவள் வாய் நிறையச் சேறு. நான் என் கையால் கழுவினேன்.

வீட்டில் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "அந்த டிரைவர் பாவி கண்ணு தெரியாம ஓட்டி எம்பிள்ளையக் கொன்னுபுட்டானே!"

முத்துக்கண்ணன் அண்ணனின் மனைவி மகாராணி வந்திருந்தாள். காலையில்தான் புருஷனை அடக்கம் செய்தவள். குற்றம் செய்தவள் போல வாசலில் தலைகுனிந்து நின்றாள். என்னோடு ஜீப்பில் வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். "அம்மா, நான்தான்..."

அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நீயாச்சும் மிஞ்சினியே ஆத்தா. அவளும் ஒன்கூட ஒன் ஜீப்புல ஏறியிருந்தா பொழச்சிருப்பாளே. ஒன் கண்ணு அவளக் காப்பாத்தியிருக்குமே."

மகாராணி நிமிரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.