எழும்ப மறுத்த கணினி

1967இல் கமலாசனி லண்டனிலிருந்து கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சிக்கு வந்தது தகப்பன் வீரகத்தியாரைப் பார்க்க. வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து அவர் எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார். அந்த வாரமே லண்டன் வேலையிடத்திலிருந்து தந்தி வந்தது. வேலை குறைந்த நேரங்களில் கணினி உறைந்துபோகிறதாம். உடனே திரும்பவேண்டுமாம்.

அவள் அங்கே ஒரு பல்கலைக்கழகக் கணினியின் நிர்வாக நிரலை, எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று பார்க்கும் நிரலை, எழுதும் குழுவில் இருந்தாள். முன்பு, செய்ய ஒன்றுமில்லாதபோதும் அந்தக் கணினி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அது நினைவகத்தை ஓயாமல் தொட்டதால் தரவு நாடாக்களை வாசிப்பது தாமதப்பட்டது. வேலை இல்லாதபோது செயலி ஓய்ந்திருந்து, புது வேலை வந்த சைகை கிடைத்ததும் எழும்பும்படி மாற்றியவள் அவள்தான்.

"போகோணுமெண்டால் போ பிள்ளை," என்று சொல்லிவிட்டு வீரகத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவள் தாய் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் உட்கார்ந்து, நிரலை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதினாள். தம்பி தவராசா பக்கத்தில் வந்து குந்தினான்.

"எங்க பிழையாம் அக்கா?"

"அதுதான் தெரியேல்ல. வேலை இருக்கோ எண்டு பாக்கும். இல்லையெண்டால் படுத்திடும். சைகை வந்தால்..." அவள் பென்சிலை நிறுத்தினாள். "பாத்து முடிச்சு, படுக்க முதல் சைகை வந்தால்?"

வேலை இல்லையென்று முடிவெடுத்துவிட்ட கணினி, வந்த சைகையைக் கணக்கில் எடுக்காமலே ஓய்ந்துவிடும். வேலை மும்முரமான நேரத்தில் அடுத்த சைகை எழுப்பிவிடும். குறைந்த நேரத்தில் எழுப்ப எதுவும் வராது.

தவராசா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சித் தபாற்கந்தோருக்கு மிதித்தான். வேலை இருக்கிறதா என்று பார்க்கும் முன்னரே சைகைகளைத் தடுத்துவைக்க வேண்டும், ஓய்வுக் கட்டளையே அந்தத் தடையை நீக்கவேண்டும், அப்போது காத்திருந்த சைகை கணினியை உடனே எழுப்பிவிடும் என்று அவள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். தபாலதிபர் ஐயாத்துரை இரண்டுதரம் வாசித்தார்.

"இதென்ன கதை தங்கச்சி?"

"ஒரு மெசினுக்கு நித்திரை கொள்ளச் சொல்லிக் குடுக்கிறன், ஐயா."

பதில் வரும்வரை பெட்டியை அரைகுறையாக அடுக்கி வைத்திருந்தாள். ஒரு முற்பகல் தந்திக்காரன் படலையடியில் மணி அடித்தான். திருத்தத்துக்குப் பிறகு கணினி ஒருமுறைகூட உறையவில்லை, விடுமுறை முடியும்வரை தகப்பனோடு இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

உள்ளேயிருந்து வீரகத்தியார் கேட்டார்: "என்னவாம்?"

"நிக்கட்டாம், அப்பு."

வீரகத்தியார் சுவரைவிட்டு வாசற்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அப்ப கொம்மாட்டச் சொல்லு, இண்டைக்கு மீன் வாங்கட்டும்."