பெட்டிக்குத் தெரியாமல்

நெட்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் போதும், இன்டர்நெட் நல்ல பிள்ளையாகிவிடும். வைஃபை பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். அவர் தன் போனில் வேகத்தை அளப்பார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த வீட்டு மருமகளைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

“சூப்பரா இருக்கே மேடம்.”

“நீங்க போனதும் போயிடும்.”

“அது போறத நான் என் கண்ணால பாக்கணும். பாக்காம பெட்டிய மாத்தினா என்னை மாத்திடுவாங்க.”

அவருடைய வண்டி தெருமுனை திரும்பிச் சற்று நேரத்துக்கெல்லாம் விளக்குகள் அணைந்துவிடும்.

மருமகளுக்கு இது விளையாட்டு விஷயமில்லை. சண்டையிட்டுக்கொள்ளும் கணவன் மனைவிக்கு வீடியோவில் ஆலோசனை சொல்வது அவள் தொழில். “நீங்க ரெண்டு பேரும் இனிமே சேர்ந்து” என்று அவள் ஆரம்பிக்கும்போது படம் உறைந்துவிடும். சேர்ந்து வாழ்வதா, சேர்ந்து வக்கீலைப் பார்ப்பதா என்று தெரியாமல் அவர்கள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கண் பாதி மூடி, வாய் கோணி நின்றுபோன அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தே ஒரு ஜோடி சமாதானமாகிவிட்டது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்குமா?

விசாரணைக்கு மாமனார்தான் தலைமை. வேலையில் இருந்த காலம் முழுக்க லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். “லிஃப்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா. ரெண்டும் நடுவுலதான் நிக்கும்” என்பார். அவர் உத்தரவுப்படி பெட்டி அலமாரி மேல் ஏறியது, அங்கிருந்து ஜன்னலுக்குப் போனது, பிறகு நாற்காலி மேல் வைத்த நாற்காலிக்கு வந்தது. ஃப்ரிட்ஜைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றால் இடுக்கில் கையை விட்டுத் துழாவ வேண்டும்.

“ஃப்ரிட்ஜைத் திருப்பின அப்புறமும் நேத்து போச்சேப்பா” என்றான் மகன். பேக்கரியில் விடிகாலை வேலை முடித்து வந்தவன், புருவத்தில் இன்னும் மாவு இருந்தது.

“போச்சு. ஆனா பழைய மாதிரி போகல. ஒரு தயக்கத்தோட போச்சு.”

அடுத்த தடவை வந்தபோது நெட்காரருக்கே பொறுமை போய்விட்டது. பச்சை விளக்குகளை முறைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்னைக் கண்டா பயம் சார், வேற ஒண்ணுமில்ல” என்றார்.

ஏதோ எரிச்சலில் சொன்ன வார்த்தை அது. ஆனால் மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“கரெக்ட். நான் பாக்கப் போனா எந்த லிஃப்டும் நிக்காது. நான் திரும்பி வந்ததும் நிக்கும். அப்ப நீங்க போயிட்டதா இது நம்பணும்.”

“எது?”

மாமனார் வாயால் சொல்லவில்லை. கண்ணால் பெட்டியைக் காட்டினார்.

எல்லோரையும் சமையலறைக்குக் கூட்டிப்போய் ரகசியக் குரலில் திட்டத்தை விளக்கினார். நெட்காரர் முதலில் சிரித்தார், பிறகு இதே வீட்டுக்கு இன்னும் எத்தனை முறை மாடி ஏறுவது என்று யோசித்திருக்க வேண்டும், ஒப்புக்கொண்டார்.

“அப்ப நான் கிளம்புறேங்க!” என்று கூடத்தில் நின்று உரக்கச் சொன்னார்.

“போயிட்டு வாங்க! இனிமே இந்தப் பக்கம் வரவே மாட்டீங்கல்ல?” என்று மாமனார் அதைவிட உரக்கக் கேட்டார்.

“உங்கள ரொம்ப மிஸ் பண்ணுவோம்!” என்றான் மகன். மாமனார் அவனை முறைத்தார். நடிப்பு அளவோடு இருக்க வேண்டும்.

நெட்காரர் ஷூவைத் தடதடவென்று மிதித்துப் படியிறங்கினார். ஒரு மாடி போனதும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி ஏறி வந்தார். சாப்பாட்டு மேஜை மேல் போர்வையை விரித்துத் தரைவரை தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குள் புகுந்து உட்கார்ந்தார்.

“பெட்டிக்குக் காதா இருக்கு?” என்று முணுமுணுத்தான் மகன்.

“மெதுவா பேசு” என்றார் மாமனார்.

காத்திருந்தார்கள். பச்சை மாறவே இல்லை. மாமனார் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன் ஓரத்தால் பெட்டியை நோட்டம் விட்டபடி காவல் நின்றார்.

“பாவம், அவருக்குத் தண்ணியாவது குடுக்கட்டுமா மாமா?” என்றாள் மருமகள்.

“வேண்டாம்மா. குடிக்கிற சத்தம் காட்டிக் குடுத்துடும்.”

நின்று நின்று மாமனாருக்குக் கால் கடுத்தது. “கொஞ்சம் காலை நீட்டிட்டு வரேன். நீங்க யாரும் அதை வெறிச்சுப் பாக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகன் சோபாவிலேயே தூங்கிப்போனான்.

மருமகளுக்கு வேலை நேரம் வந்துவிட்டது. அவள் உட்காருவதும் அதே மேஜைதான். போர்வையைத் தூக்கி, “காதைப் பொத்திக்குங்க, இதெல்லாம் அடுத்தவங்க குடும்ப விஷயம்” என்றாள்.

“நானும் கல்யாணம் ஆனவன்தான் மேடம். இதுல எனக்குப் புதுசா என்ன இருக்கப் போகுது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆனாலும் பொத்திக்கொண்டார்.

திரையில் ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் சொல்றத இவர் முழுசா கேட்டதே இல்ல மேடம்.”

“இவ முழுசா முடிச்சாத்தானே நான் கேக்கறதுக்கு?”

“இப்ப அவர் கேக்கறாரு. நீங்க மனசுல இருக்கிறத” என்று ஆரம்பித்தாள் மருமகள்.

பச்சை விளக்கு ஒருமுறை துடித்தது. மேஜைக்கடியில் இருந்தவர் போர்வை இடுக்கு வழியாக அதைப் பார்த்துவிட்டார். போர்வையை விலக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, அவள் முழங்கைக்குப் பக்கத்தில் தலையை நீட்டினார். படம் அந்தக் கணத்தில்தான் உறைந்தது.

“போச்சு! போச்சு! என் கண்ணால பாத்துட்டேன்!”

மகன் பதறி எழுந்தான். விஷயம் புரிந்ததும் நெட்காரரைக் கட்டிக்கொண்டான். பிரசவ அறை வாசலில் நிற்பவர்களுக்கு வருகிற மாதிரி மகிழ்ச்சி இருவருக்கும். மருமகள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். வேலை நேரத்தில் அதை அவள் கழற்றியதே இல்லை. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வண்டு முரலுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தார்கள். மாமனார் கண்ணை மூடிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு பாதங்களும் மசாஜ் மெஷினுக்குள் இருந்தன. கூடத்து ப்ளக் கெட்டுப்போனதால் பெட்டியின் வயரைச் சுவர் ஓட்டை வழியாக அந்த அறைக்குத்தான் விட்டிருந்தார்கள். மெஷினும் பெட்டியும் ஒரே ஸ்விட்ச் பலகையில் செருகியிருந்தன.

மெஷினை நிறுத்தினார்கள். பெட்டி உயிர்பெற்றது. போட்டார்கள். செத்தது. நெட்காரர் வந்தபோதெல்லாம் அவரை மேற்பார்வை பார்க்க மாமனார் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்திருக்கிறார். அவர் போனதும் அலுப்புத் தீர உள்ளே போயிருக்கிறார்.

“அப்ப நான்தானா?” என்று மாமனார் தன் பாதங்களைப் பார்த்துக் கேட்டார்.

நெட்காரர் மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

“சார், காரணம் தெரிஞ்சுடுச்சு. கால்.”

“வீடியோ காலா, போன் காலா?”

“பெரியவர் கால் சார். ரெண்டும்.”

“ரெண்டு காலையும் ஒரே நேரத்துல போட்டா தாங்காதுப்பா. ஒண்ணை கட் பண்ணச் சொல்லு.”

மாமனார் கால்களைக் கட்டிலுக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

மருமகள் அவசரமாகத் தம்பதியை அழைத்தாள். திரையில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள், மனைவி கையமர்த்தினாள்.

“மேடம், பயப்படாம சொல்லுங்க. உங்க வீட்ல எல்லாம் நல்லா இருக்கா?”

“மேஜைக்கடியில இருக்கிறது யாருன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?” என்று கணவன் மெல்லக் கேட்டான்.

“இவர் கேக்கறது சரிதான் மேடம்” என்றாள் மனைவி. அப்படி அவள் சொல்லி மருமகள் கேட்டதே இல்லை.

மருமகள் உண்மையைச் சொன்னாள். அவர்கள் நம்பவில்லை. அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு அழைப்பதாகவும், அதுவரை அவள் தைரியமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் மகன் நல்ல அடாப்டர் ஒன்று வாங்கி வந்து மெஷினுக்கு மாட்டினான். “வெச்சுக்கோங்க மாமா” என்று மருமகளே மெஷினைக் கட்டிலருகே நகர்த்தினாள். மாமனார் தயங்கித் தயங்கிப் பாதங்களை உள்ளே வைத்தார். மெஷின் உறுமியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் பெட்டியையே பார்த்தார்கள். பச்சை, பச்சையாகவே இருந்தது.

மாமனார் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.

“நாளைக்கு வரைக்கும் பாப்போம்” என்றார்.